பத்துப் பௌர்ணமி

குக்காவோ, சிலோயே தீவு
1991 மார்ச் 17

அன்புள்ள தம்பி அவெலினோவுக்கு,

உன் அண்ணி எர்மினியா எழுதுவது. இங்கே நானும் நியேவெஸும் மழையோடு சௌக்கியம். அங்கே நீ காற்றோடு சௌக்கியமா? தென்கோடிப் புந்தா அரேனாஸில் காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகும் என்கிறார்கள். நீ இருக்கிற உடம்புக்குச் சட்டைப்பையில் இரண்டு கல்லைப் போட்டுக்கொண்டு நட.

உன்மேல் எனக்கு வருத்தம்தான். உன் அண்ணனுக்கு ஒன்பது நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலையில் அடுப்பை மூட்டி, உனக்கு மாத்தே டீ எடுத்துக்கொண்டு வருகிறேன், கட்டில் காலி. சொல்லிவிட்டுப் போனால் நான் காலைப் பிடித்தா இழுத்திருப்பேன்? "சித்தப்பா எங்கம்மா?" என்று நியேவெஸ் கேட்டபோது கடற்பாசி விற்கப் போயிருக்கிறார் என்று பொய் சொன்னேன். உன் விலாசம் கிடைக்கவே இரண்டு மாதம் ஆகிவிட்டது. உன்னை ஏற்றிப்போன லாரிக்காரரிடம் கெஞ்சி வாங்கினேன்.

உருளைக்கிழங்கு தோண்ட ஆரம்பித்துவிட்டோம். இந்த வருஷம் கிழங்கு நன்றாகத்தான் இருக்கிறது. குனிந்து எடுக்கத்தான் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு க்ளோரிந்தா வந்து இரண்டு நாள் கூட நின்றாள். அவள் கை எடுத்த கிழங்கைவிட அவள் வாய் எடுத்த கதைகள்தான் அதிகம்.

நியேவெஸ் ஏழு வயசுக்கு மீறிப் பேசுகிறாள். பள்ளிக்கூடத்துக்குச் சந்தியாகோவிலிருந்து மத்தில்தே என்று ஒரு டீச்சர் வந்திருக்கிறாள், சின்னப் பெண். நம் பிருலில் முனையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து விசாரித்தாள். நான் வாய் திறப்பதற்குள் நியேவெஸ் தொடங்கிவிட்டாள். "செத்தவங்க எல்லாரும் அந்தப் பாறைக்குத்தான் போவாங்க டீச்சர். அங்க நின்னுகிட்டு, படகைக் கொண்டான்னு கூப்பிடுவாங்க. தெம்பில்காவேன்னு ஒரு படகுக்காரன், நுரையாலயே செஞ்ச வெள்ளைப் படகுல வந்து ஏத்திக்கிட்டுப் போவான். அந்தக் குரல் நம்ம காதுல விழுந்துச்சுன்னா பதில் சொல்லவே கூடாது. சொன்னா நம்மளையும் ஏத்திக்குவான். கேட்டோம்னு யார்கிட்டயும் சொல்லவும் கூடாது, பத்துப் பௌர்ணமி முடியணும்." டீச்சர் சிரித்துக்கொண்டே, "சொன்னா என்னாகும்?" என்றாள். "கூப்பிட்டவங்களுக்குப் படகு வராது. அங்கயே அழுதுகிட்டு நிக்கணும்" என்றாள் உன் செல்லம். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா ஏறிட்டாரா அம்மா?" என்று கேட்டாள். டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

சாப்பிடும்போது நியேவெஸ் அவள் அப்பாவைப் போலவே மட்டி ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி அடுக்கி வைக்கிறாள். ஒரு சாப்பாட்டுக்கு ஒரு அடுக்கு, கலைந்தால் கோபம். பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

ஒரு விஷயம் கேட்கிறேன், மறுக்காதே. இந்த மரவீட்டை அப்படியே உருளைக் கட்டைமேல் ஏற்றி இங்கிருந்து இழுத்துக்கொண்டுபோய்க் குன்றுக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல். தினமும் முகத்துக்கு நேரே அதைப் பார்த்துக்கொண்டு கிழங்கு உரிக்க என்னால் ஆகாது. நவம்பரில் மழை ஓய்ந்து தரை காய்ந்ததும் எட்டு ஜோடி மாடு பூட்டி ஊரே கூடி இழுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு ஆண் ஒருவன் முன்னால் நடக்க வேண்டும். இந்த வீட்டுக்கு இனி நீதான் ஆண். வா.

அந்த நாளைப் பற்றியும் ஒரு தடவை முழுசாக எழுது. நனைந்துபோய் வந்து நின்று, "அலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு அண்ணி" என்றாய். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் அண்ணி,
எர்மினியா


புந்தா அரேனாஸ்
1991 ஏப்ரல் 21

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திட்டுவீர்கள் என்று தெரியும், அதனால் இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் நான் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் திட்டியிருக்கிறீர்கள். அது இன்னும் வலித்தது.

இங்கே நண்டு உடைக்கும் கூடத்தில் வேலை. ஒவ்வொரு நண்டும் நம் வீட்டுப் பூனை அளவு இருக்கிறது. காலை உடைத்துச் சதையை எடுக்க வேண்டும். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. சாயங்காலம் பொத்தான் போட விரல் வராது. நம் தீவுக்காரர்களே இருபது பேர் இருக்கிறோம். வீட்டுக்காரம்மா நல்லவர். சூப்பில் மட்டும் உப்பே போடமாட்டார். காற்று நீங்கள் சொன்ன மாதிரிதான். கல் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.

சொல்லாமல் போனதற்கு மன்னியுங்கள். நியேவெஸ் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்த மேசையில் உட்கார முடியவில்லை. காரணம் இருக்கிறது. இப்போது கேட்காதீர்கள்.

அந்த நாளைக் கேட்டிருக்கிறீர்கள். சொல்வதற்கு அதிகம் இல்லை. பிருலிலுக்குத் தெற்கே பாசி வெட்டிக்கொண்டிருந்தோம். நான் படகைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் கத்தியோடு பாறையில் குதித்து வெட்டுவான். எப்போதும் போலத்தான். மூன்றாவது கட்டு வெட்டும்போது பனிமூட்டம் இறங்கியது. "போலாம்ணே" என்றேன். "இன்னும் ஒரே ஒரு கட்டுடா, உங்க அண்ணி செருப்பு கேட்டிருக்கா" என்று சிரித்தான். பெரிய அலை ஒன்று வந்தது. படகு தூக்கிப் போடப்பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் பாறை மொட்டையாக இருந்தது. சுற்றிச் சுற்றித் தேடினேன். பிறகு கரைக்கு வந்தேன். நீரோட்டம் வடக்கே இழுக்கும் என்று நினைத்துத்தான் எல்லாரையும் நீண்ட மணல் கரைக்குக் கூட்டிப் போனேன். மூன்று நாளும் பனிமூட்டம் விலகவே இல்லை, உங்களுக்குத் தெரியும்.

ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டீர்களே. மற்றவர்கள் இன்னும் இரண்டு நாள் தேடலாம் என்றார்கள். மூன்றாம் நாளே நிறுத்தச் சொன்னது நீங்கள்தான். "போதும். உடம்புக்குப் பதிலா அவர் தொப்பியை எடுத்து மேசையில வைங்க, ஜெபத்தை ஆரம்பிங்க" என்று நீங்கள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனத்திடம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இங்கே ஐஸ் தண்ணீரில் கை வைத்துக்கொண்டு பலமுறை யோசித்திருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. நானும் தலையாட்டினேன்.

வீடு இழுக்க வருவேன். ஆனால் அண்ணி, அந்த முனைக்கு மட்டும் போகாதீர்கள். காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

உங்கள் தம்பி,
அவெலினோ


குக்காவோ
1991 ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

போகாதே என்று நீ எழுதிய கடிதம் கைக்கு வருவதற்குள் போயே வந்துவிட்டேன்.

க்ளோரிந்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் கிளம்பி, முழங்கால் சேற்றில் நடந்து, மத்தியானம் மேட்டில் ஏறி நின்றோம். காற்று வழித்துவிட்ட புல். கீழே கடல், பாறைகள், நூறு கடல்சிங்கங்களாவது இருக்கும், ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டு கிடந்தன. க்ளோரிந்தா தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு மில்காவோவைப் பிட்டுத் தின்றுகொண்டே, "கண்ணை மூடிக்கிட்டுக் கேளுடி, அப்பதான் பிரிச்சுத் தெரியும்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. கடல்சிங்கமும் காற்றும்தான். மனுஷக் குரல் எதுவும் இல்லை.

இப்போது அங்கே அமைதி, தம்பி. அவர் ஏறிப் போய்விட்டார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் நாலு மாதத்தில் முதல் தடவையாகத் தூங்கினேன்.

தேடுவதை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். ஜெபம் தள்ளிப் போனால் அவர் கரையில் நின்று காத்துக்கொண்டே இருப்பார் என்று பயந்தேன். உன் அண்ணனுக்குக் காத்திருக்கத் தெரியாதே. ரோடு வருவதற்கு முன்னால் ஏரியைத் தாண்டப் படகுக்குக் காத்திருப்போமே, ஞாபகம் இருக்கிறதா? பத்து நிமிஷம் பொறுக்க மாட்டார். இரண்டு கையையும் வாயில் குவித்து, "படகைக் கொண்டாடா! என் மீனு நாறுது, என் பொண்டாட்டி முறைக்கிறா!" என்று கத்துவார். அக்கரையில் இருக்கிற நாயெல்லாம் குரைக்கும். எனக்கு வெட்கமாக இருக்கும். அந்தக் குரலை ஆயிரம் குரலுக்கு நடுவிலும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் இதைப் பற்றி என்னைக் கேட்காதே. உனக்கு ஒரு காரணம் இருக்கிற மாதிரி எனக்கும் ஒன்று இருக்கட்டும்.

நான் அவரிடம் செருப்பு கேட்டது உண்மைதான். நீ அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

நியேவெஸுக்கு மழைக்காலத்துக்குப் பூட்ஸ் வேண்டும். அங்கே நல்லதாகக் கிடைக்குமாமே. அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறேன். கட்டைவிரல் கொஞ்சம் கோணலாக இருக்கும், காகிதத்தில் நின்றபடியே ஆடிக்கொண்டிருந்தாள்.

உன் அண்ணி,
எர்மினியா


புந்தா அரேனாஸ்
1991 ஜூலை 28

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

பூட்ஸ் இதோடு வருகிறது. ஒரு அளவு பெரிதாகவே வாங்கினேன். முன்னால் கொஞ்சம் கம்பளியை அடைத்துவிடுங்கள். அந்தக் கோணல் கட்டைவிரல் படத்தை என் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "என்னப்பா, இது உங்க ஊர்ப் பேயோட காலா?" என்று கேட்டார்.

அமைதியாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றால் எனக்கும் நிம்மதி. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஜலசந்தியின் கரையில் போய் நிற்பேன். இங்கேயும் கடல்சிங்கம் உண்டு. முன்பெல்லாம் அதன் சத்தம் கேட்டாலே திரும்பி வந்துவிடுவேன். போன வாரம் கடைசி வரைக்கும் நின்றேன்.

நவம்பரில் கண்டிப்பாக வருகிறேன். வீட்டுக்கு முன்னால் நடக்கிறேன், மாடு என்னை மிதித்தாலும் சரி. வந்ததும் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அக்டோபர் 23 வரைக்கும் என் வாயைக் கிளறாதீர்கள். ஏன் அந்தத் தேதி என்று உங்களுக்கே புரியும். புரிந்தாலும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் தம்பி,
அவெலினோ


குக்காவோ
1991 செப்டம்பர் 26

அவெலினோ,

நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சுதந்திர விழா விடுமுறைக்கு மத்தில்தே டீச்சரின் தோழிகள் மூன்று பேர் சந்தியாகோவிலிருந்து வந்திருந்தார்கள். முனையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வழி காட்ட நான் போனேன். மேட்டில் நின்று ஆளுக்கு ஒரு தடவை "படகைக் கொண்டா" என்று கத்திப் பார்த்துச் சிரித்தார்கள். ஊர் தெரியாத பெண்கள். பௌர்ணமிக்கு மறுநாள் என்பதால் தண்ணீர் ரொம்ப தூரம் உள்வாங்கியிருந்தது. கீழே இறங்கிப் பாறையைச் சுற்றி நடக்கலாமா என்றாள் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருத்தி. வருஷத்தில் நாலைந்து நாள்தான் அந்த வழி திறக்கும். நானே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். கூட்டிக்கொண்டு போனேன்.

முனையின் அடியில், தெற்குப் பக்கமாக, மூன்று ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. பின்னால் செங்குத்தாக மலை, ஏற முடியாது. மலையிலிருந்து நல்ல தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் கோட்டுக்காரிதான் முதலில் ஏறினாள். "அக்கா, இங்க யாரோ பிக்னிக் வந்திருக்காங்க போல" என்று கூப்பிட்டாள்.

பாறை இடுக்கில் மட்டி ஓடுகள். ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி, அடுக்கி வைத்தவை. ஆறு அடுக்கு.

பக்கத்தில் ஒரு கழி, கடல் ஒதுக்கிய கட்டை. அதன் நுனியில் கையில்லாத பழுப்புக் கம்பளிச் சட்டை கட்டியிருந்தது, கிழிந்து நாராகி. இடது தோளில் ஒரு பின்னல் கண் விட்டுப் போயிருக்கும், நான் பின்னும்போது நியேவெஸ் அழுதாள் என்று விட்ட கண். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.

வேறு ஒன்றும் இல்லை. எலும்புகூட இல்லை. ஜனவரிக் கடைசிப் பௌர்ணமியின் அலை எடுத்துப் போயிருக்கும் என்கிறார் க்ளோரிந்தாவின் புருஷன்.

ஒரு சாப்பாட்டுக்கு ஒரு அடுக்கு. அந்தத் திட்டில் தண்ணீர் இறங்கும்போதுதான் மட்டி கிடைக்கும், பகல் வெளிச்சத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவை. ஆறு நாள், அவெலினோ. நாம் மேசையில் அவர் தொப்பியை வைத்துச் சுற்றி உட்கார்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே மட்டி தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

உன்னை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். திரும்பி வரும்போது நீ முனையை ஒட்டித்தானே வந்திருப்பாய்? உனக்கு ஏதாவது கேட்டதா? பௌர்ணமிக் கணக்கைச் சொல்லித் தப்பிக்காதே. எழுது.

எர்மினியா


புந்தா அரேனாஸ்
1991 அக்டோபர் 12

அண்ணி,

பத்தாவது பௌர்ணமிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. இனி அதைக் காத்து என்ன ஆகப்போகிறது.

கேட்டது.

அலை அடித்து ஒரு மணி நேரம் இருக்கும். பனிமூட்டத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை. முனையைச் சுற்றித் துடுப்பு போட்டு வந்துகொண்டிருந்தேன். அண்ணன் செத்துவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்த அலையைப் பார்த்தவன் நான். அப்போதுதான் கூப்பிட்டான். "படகைக் கொண்டாடா! அவெலினோ! படகைக் கொண்டாடா!" என்றான். பிருலிலிலிருந்து வந்தது, அண்ணி. பனிமூட்டத்துக்குள்ளிருந்து. செத்தவர்கள் எந்த இடத்தில் நின்று எதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேனோ, அதே இடம், அதே வார்த்தை. ஆவி தன் ரத்தத்தைப் பெயர் சொல்லி அழைத்து உடன் கூட்டிப் போகும் என்பார்களே, அதுதான் என்று நினைத்தேன்.

துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தேன். "அண்ணே" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் மறுபடி கூப்பிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டேன். முனை தாண்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.

தேடப் போனவர்களை ஏன் மணல் கரைக்குக் கூட்டிப் போனேன் தெரியுமா? நீரோட்டம் எல்லாம் பொய். முனைக்குக் கூட்டிப் போனால் நான் கேட்டதைச் சொன்னதாக ஆகிவிடும். அண்ணனுக்குப் படகு வராது, அவன் அங்கேயே அழுதுகொண்டு நிற்க வேண்டி வரும். அவன் நன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான், அண்ணி. அவன் நன்மைக்கு என்றுதான் எல்லாரையும் அவனை விட்டு ஐந்து மைல் தள்ளிக் கூட்டிப் போனேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அந்தத் துடுப்பைத் திரும்பத் திரும்பத் தண்ணீரிலிருந்து எடுக்கிறேன். ஒரு வார்த்தை போதும். "எங்கண்ணே இருக்க?" என்று ஒரு வார்த்தை. பதில் சொல்லியிருப்பான், திட்டியிருப்பான், ஏறி உட்கார்ந்து என் முதுகில் ஒன்று வைத்திருப்பான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நவம்பரில் வரட்டுமா வேண்டாமா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வா என்றால் வருகிறேன், ஊர் முன்னால் நின்று இதையே சொல்கிறேன். நியேவெஸிடமும் நானே சொல்கிறேன்.

அவெலினோ


குக்காவோ
1992 ஜனவரி 12

அவெலினோவுக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். நவம்பர் போய்விட்டது. நீ தினமும் தபாலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய் என்று தெரியும். உன்னைத் தண்டிக்க நான் இப்படிச் செய்யவில்லை. எழுத உட்கார்ந்தால் உன்னைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை, என்னைப் பற்றித்தான் இருந்தது. அதற்குக் கை வரவில்லை.

இன்றைக்கு ஒரு வருஷம். அதனால் எழுதிவிடுகிறேன்.

நானும் கேட்டேன்.

அலை அடித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். நீங்கள் எல்லாரும் மணல் கரையில் இருந்தீர்கள். இரண்டு ஆடு வீடு திரும்பவில்லை என்று முனைப் பக்கம் தேடிப் போனேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து அவர் குரல். "படகைக் கொண்டாங்க! யாராவது இருக்கீங்களா!" என்று கேட்டது. ஏரிக்கரையில் கத்துவாரே, அதே குரல், கொஞ்சம் கம்மியிருந்தது. இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு நடுவில் இருமினார். இருமினார், அவெலினோ. செத்தவர்களுக்கு இருமல் வராது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சேற்றில் முழந்தாளிட்டு, அவருக்குச் சீக்கிரம் படகு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பதில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டேன். நான் போய்விட்டால் நியேவெஸுக்கு யார் என்றுதான் நினைத்தேன். பிறகு எழுந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் தேட வேண்டாம் என்றேன். அவர் ஆவி கரையில் நிற்பதைக் காதால் கேட்டவளுக்கு உடலைத் தேடி என்ன ஆக வேண்டும்? நீ மனத்திடம் என்று எழுதினாயே, அது இதுதான்.

மே மாதம் முனைக்குப் போனது அவர் இன்னும் கூப்பிடுகிறாரா என்று பார்க்கத்தான். அமைதியாக இருந்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன் என்று உனக்கு எழுதினேன். அந்த வரியை நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

அந்த ஆறு அடுக்கைப் பார்த்த பிறகும் உன்னிடம் கேள்வி கேட்டேனே தவிர என்னுடையதைச் சொல்லவில்லை. நீ "கேட்கவில்லை" என்று எழுதினால் பாவம் முழுவதும் என்னுடையது. "கேட்டது" என்று எழுதினால் பாதி உன்னுடையது. பாதியாவது உன் தலையில் வைக்கத்தான் கேட்டேன். அப்படிப்பட்டவள் உன் அண்ணி.

அக்டோபர் பௌர்ணமி முடிந்த மறுநாள் க்ளோரிந்தா ஒரு தட்டு மில்காவோவோடு வந்தாள். உட்காரவில்லை. "எர்மினியா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணாம் நாளு சாயங்காலம் விறகு பொறுக்கப் போனப்ப எனக்குக் கேட்டுச்சுடி. உனக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அந்த வாரத்திலேயே அவள் புருஷனும் வந்தார், தனியாக. ஒருவருக்குக் கேட்டது மற்றவருக்குத் தெரியாது, ஒரே வீட்டில் இருந்துகொண்டு. நாலு பேர் கேட்டிருக்கிறோம். அவர்மேல் பிரியம் வைத்த நாலு பேர். நாலு பேரும் அவர் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அந்தப் படகில் நான் இருந்திருந்தாலும் உன்னைப் போலத்தான் வாயைப் பொத்தியிருப்பேன். நீயாவது அலையைப் பார்த்தவன், நானோ இருமலையும் கேட்டுவிட்டுத் தேடலை நிறுத்தினவள். உன்னை மன்னிக்கும் இடத்தில் நான் இல்லை. என்னை மன்னி என்று உன்னிடம் கேட்கவும் நாக்கு எழவில்லை.

வீட்டை இழுக்கவில்லை. மாடு தருவதாகச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்றுவிட்டேன். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். சமையலறை ஜன்னலை மழையென்றாலும் திறந்துதான் வைத்திருக்கிறேன். தரையெல்லாம் நனைகிறது. நனையட்டும்.

நியேவெஸிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என்னுடையதையும் சேர்த்து. இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "யாரு கூப்பிட்டாலும் இனிமே நான் பதில் சொல்லுவேன். என்னையும் ஏத்திக்கிட்டுப் போனாப் போகட்டும்" என்றாள். சொல்லு என்றேன். இப்போது எங்கே என்ன சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடி, "இதோ வர்றோம், யாரு?" என்று கத்துகிறாள். கடல்சிங்கத்துக்கும் பதில் சொல்கிறாள். ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவள் அடங்குவதாக இல்லை. பூட்ஸ் இப்போது கம்பளி அடைக்காமலே சரியாக இருக்கிறது.

நீ வருவதைப் பற்றி. "வா" என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். நீ இந்த மேசையில் உட்கார்ந்தால் உன் முகத்தில் நான் அந்தக் குரலைத்தான் கேட்பேன். நீயும் என் முகத்தில் அந்த இருமலைத்தான் கேட்பாய். நமக்கு நடுவில் குழந்தை உட்கார்ந்து ஓடுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். என்னால் ஆகாது, தம்பி. வராதே. கடிதமும் எழுத வேண்டாம்.

ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே. என்றைக்காவது பொறுக்க முடியாமல் கிளம்பி வந்துவிட்டால் நேரே கதவைத் தட்டாதே. ஏரிக்கு அந்தக் கரையில் நின்று, அவரைப் போல இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிடு. ஜன்னல் திறந்துதான் இருக்கும், இங்கே கேட்கும். எனக்குக் குரல் எழும்புமா என்று தெரியவில்லை. நியேவெஸ் பதில் சொல்வாள்.

உன் அண்ணனின் மனைவி,
எர்மினியா